நெட்சாய் சாப்பிடாத கறி

முட்டோகோ
11 ஜூலை 2005

அன்புள்ள தாகுமா அண்ணனுக்கு எசினாத் எழுதிக்கொள்வது.

விடுதலைச் சண்டையின்போது அன்றைக்கு அந்தப் பாறையடியில் இருந்தவர்கள்: மின்னல் என்று பேர் வைத்துக்கொண்ட கொரில்லாத் தளபதி, அவரோடு வந்த இரண்டு போராளிகள், களி கிளறிய ரோடா அத்தை, கறிச்சட்டியைச் சுமந்து வந்த என் அக்கா நெட்சாய், தண்ணீர்க் குடத்தோடு நான். அப்புறம், அவர்களுக்குச் சேதி கொண்டுபோகிற, எங்கள் குலத்து அண்ணன் முறையான நீங்கள். போராளிகள் மூவரும் சண்டையிலேயே செத்தார்கள். அத்தை போன வருஷம் போய்விட்டாள். மிச்சம் நாம் இரண்டு பேர்.

சட்டியைக் கொண்டுவந்தவள் முதல் வாய் சாப்பிட்டுக் காட்டினால்தான் போராளிகள் கைவைப்பார்கள். அன்றைக்குச் சட்டியில் மாட்டு இருதயம். "நாங்க மோயோ குலம். இருதயம் எங்க குலச்சின்னம், வாயில வைக்க மாட்டோம்" என்றாள் அக்கா. "விஷம் வெச்சிருக்கியா?" என்றார் தளபதி. நானும் கத்தினேன், உடன்பிறந்தவள் பேச்சை யார் கேட்பார்? உங்கள் பக்கம் திரும்பி, "நீயும் இவ குலம்தானே, இவ சொல்றது நெசமா?" என்றார். நீங்கள் ஒன்றும் சொல்லாமல் ஒரு துண்டை எடுத்து மென்றீர்கள். அவள் சொன்னது பொய் என்றாகிவிட்டது. அதில் விஷம் இல்லை என்று தெரிவதற்குள் அக்காவைச் சுட்டுவிட்டார்கள்.

இன்றைக்கும் அவள் மகளுக்கு ஊரில் பேர் 'துரோகி பெற்றது'. சண்டை முடிந்த இருபத்தைந்தாம் ஆண்டு வீரர் நாளில் உங்களுக்குப் பதக்கமாம், நான் சாட்சி சொல்ல வேண்டுமாம். சொல்கிறேன். முதலில் நீங்கள் மேடையில் நின்று, அக்கா சொன்னது உண்மை என்று சொல்லுங்கள்.

இப்படிக்கு,
எசினாத்

ஹராரே
20 ஜூலை 2005

அன்புத் தங்கச்சி எசினாத்துக்கு,

மூட்டுவலி எப்படி இருக்கிறது? தைலம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். பழசைக் கிளறாதே அம்மா. அன்றைக்கு வாயைத் திறந்திருந்தால் என்னையும் சேர்த்துப் புதைத்திருப்பார்கள். விழாவுக்குப் பெரிய மனிதர்கள் வருகிறார்கள். அங்கே இதைச் சொன்னால் எனக்கு என்ன மரியாதை மிஞ்சும்? உனக்கு முன்வரிசையில் நாற்காலி போடச் சொல்லியிருக்கிறேன். போராளிகளுக்குப் பரிமாறிய கை உன் கை. விழாவில் எனக்கும் நீயே பரிமாறு. பார்க்கிறவர்களுக்கு நன்றாக இருக்கும்.

உன் அண்ணன்,
தாகுமா

முட்டோகோ
10 ஆகஸ்ட் 2005

தாகுமாவுக்கு,

நீ சொன்னபடியே பரிமாறினேன். ஊர்த்தலைவர் உன் பக்கத்தில், பதக்கம் உன் சட்டையில், நான் வேகவைத்த மாட்டு இருதயம் உன் தட்டில். தின்றால் குலத்தைத் தின்றவன் ஆவாய். தின்னாவிட்டால் அக்கா சொன்னது உண்மையாகும். எதைச் செய்தாலும் எனக்குச் சரிதான்.

தட்டைத் தள்ளிவிட்டு ஊரே கேட்கக் கத்தினாய்: "ஏய் கிழவி, புத்தி கெட்டுப்போச்சா? மோயோக்காரன் முன்னால இதை வைப்பியா? செத்தாலும் தொட மாட்டோம்."

"இதைத்தானே எங்கக்காவும் சொன்னா" என்றேன். "அன்னைக்கு மட்டும் உங்க தொண்டையில எப்படி இறங்குச்சு அண்ணா?"

பந்தியில் ஒரு கை அசையவில்லை. நீ குனிந்து சட்டையில் இல்லாத தூசியைத் தட்டினாய்.

நேற்று தலைவர் ஆள் அனுப்பினார். சண்டையில் செத்தவர்களின் நினைவுக்கல்லில் நெட்சாய் பேரையும் வெட்டுகிறார்கள். அவள் மகள் கல் பக்கத்திலேயே உட்கார்ந்து உளிச்சத்தம் கேட்டுக்கொண்டிருக்கிறாள். சாப்பிடக்கூட எழுந்து வரவில்லை.

தைலத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். மின்னலை மன்னித்துவிட்டேன், அவன் தூரத்து ஊர்க்காரன், நம் குலம் அவனுக்குத் தெரியாது. சுட்டவனையும் மன்னித்தேன். நெட்சாயின் தங்கை எசினாத்தாகிய நான், சாகும்வரையும், செத்து ஆவியாய் வந்தும், மன்னிக்காதவன் ஒருவன்தான்.

தாகுமா.