லேமினேட் செய்த பட்டம்

நேற்று மாலை மகள் அல்லி போட்ட சத்தம் மாரிக்கண்ணுவின் காதிலேயே நின்றது. "டிகிரி சர்டிபிகேட்ட லேமினேட் பண்ணுனா அட்டெஸ்ட் பண்ண மாட்டாங்களாம்ப்பா! மஸ்கட் வேலை போச்சுன்னா லோன யாரு கட்டுறது?"

அவள் எழுவதற்குள் காலண்டர் தாளின் பின்புறத்தில் எழுதினார்:

"அல்லி, நெத்திலிக் குழம்பு சட்டில இருக்கு, சுட வச்சுக்க. வெளில போனா சாவிய அத்தைகிட்ட குடு. நீ கையெழுத்துப் போட்டு வச்ச மனுவ எடுத்துக்கிட்டேன். புதுச்சேரி யுனிவர்சிட்டில குடுத்துட்டு சாயந்திரம் வந்துடுறேன்."

பட்டம் வந்த நாள் ஞாபகம் வந்தது. பஸ் ஸ்டாண்டு லேமினேஷன் கடைக்காரர் அதை மெஷினில் விடுமுன் அல்லியின் பெயரை உரக்கப் படித்தார். "நாலு லட்சம் கடன்ல படிச்ச புள்ளைங்க" என்று இவர் சொன்னதும் இருபது ரூபாயை வாங்க மறுத்துவிட்டார். சூடு ஆறும்வரை இருவரும் மாறி மாறி அதற்கு விசிறினார்கள்.

பேருந்துக்கு நேரமாகிவிட்டது. ஆனாலும் தாளின் அடியில் மிச்சமிருந்த இடத்தில் நெருக்கி எழுதினார்:

"சுனாமில கிளிஞ்சல்மேட்டு வீட்டுல என் ஐ.டி.ஐ. சர்டிபிகேட்டு ஊறிப்போச்சு. காட்ட ஒண்ணும் இல்லாமத்தான் கீழவாஞ்சூர்ல நிலக்கரி லாரிக்குத் தார்ப்பாய் கட்டப் போனேன். உன்னோடதுல தண்ணி படக்கூடாதுன்னுதான் அப்படிப் பண்ணுனேன். எழுதிக் கேட்டா இன்னொண்ணு தருவாங்கன்னு நேத்து நீ கத்துனப்பத்தான் புள்ள எனக்குத் தெரியும்."