பீரோவில் வைத்த மூக்கு மருந்து

ஜூலை 9
விஷால் கோயம்புத்தூரில் சொந்தமாக லேத் பட்டறை போட்டுவிட்டான். வேல்விழி பரீட்சை எழுதி பேங்கில் வேலை வாங்கிவிட்டாள். சின்னவன் சூரியபிரகாஷ் கபடியில் மாவட்டக் கப்பு. அஞ்சாம் வகுப்போடு நின்ற எனக்கு இப்படிப் பேரப்பிள்ளைகள்.

ஆவணியில் வேல்விழிக்குக் கல்யாணம். சந்தோசம்தான். ஆனால் இந்தத் தும்மல்? விஷால் கல்யாணப் போட்டோவில் எல்லாரும் சிரிக்க, நான் மட்டும் முந்தானையால் மூக்கைப் பொத்தி, கண் சிவந்து நிற்கிறேன். அவன் மாமியார் இன்னும் சொல்லிக்காட்டுகிறாள்: "எம்மக வந்தது பிடிக்காம அழுதாக." இந்தத் தடவையும் அப்படியா?

ஜூலை 11
காலையில் மெத்தையை உதறினேன். தும்மலில் வீடே எழுந்துவிட்டது.

ஜூலை 12
கம்பத்தில் மருந்துக்கடை இவாஞ்சலினிடம் மூக்குச் சொட்டு மருந்து கேட்டேன்.
"எம்புட்டு நாளாப் போடுறீக, ஆத்தா?"
"பங்குனியில இருந்து."
தலையில் கை வைத்துக்கொண்டாள். "நாலஞ்சு நாளைக்கு மேல போட்டா அதுவே மூக்க அடைக்கும். தரமாட்டேன்."
அப்புறம் ஒரே கேள்வி. எப்பத் தும்மல் வரும், பிரஷர் மாத்திரை உண்டா, எதில் படுக்கிறீக — போலீஸ் மாதிரி. இலவம்பஞ்சு மெத்தை என்றதும், "உதறுறது யாரு?"
"நாந்தேன்."
"இனி வேற ஆள உதறச் சொல்லுங்க. நீங்க அங்கன நிக்கவே வேணாம்."
டாக்டரைப் பார்த்துச் சீட்டு வாங்கி வரச் சொன்னாள். கோபமாகத்தான் திரும்பினேன். காசு கொடுக்கிறவள் நான்தானே?

ஜூலை 15
அலர்ஜி என்றார் டாக்டர். இவாஞ்சலினிடம் சீட்டைக் காட்டினேன், மூக்கில் அடிக்கும் ஸ்பிரே கொடுத்தாள். தலையைக் கொஞ்சம் குனிந்து, மூக்கின் நடுத்தண்டில் படாமல் காதுப்பக்கமாகச் சாய்த்து அடிக்கணுமாம். கண்ணாடி முன்னால் நிறுத்திச் செய்யச் சொன்னாள். நான் அண்ணாந்தேன்.
"ஆத்தா, மேல என்ன தெரியுது?"
கடையே சிரித்தது. நானும்.

ஜூலை 30
சூரியபிரகாஷுக்குக் காய்ச்சல் மாத்திரை வாங்கப் போனேன்.
"ஸ்பிரே எப்படி இருக்கு, ஆத்தா?"
"பத்திரமா இருக்கு. பீரோவுல."
"பீரோவுலயா!"
"கல்யாணத்துக்குன்னு வச்சிருக்கேன். இப்பவே அடிச்சுத் தீத்துட்டா அன்னைக்கு என்ன செய்ய?"
எடுத்த மாத்திரையைக் கீழே வைத்தாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள்: "அது பட்டுச்சேலை இல்ல, ஆத்தா. தினமும் அடிச்சாத்தேன் கொஞ்சங்கொஞ்சமாக் கேக்கும். அன்னைக்கு மட்டும் அடிச்சீகன்னா அன்னைக்கும் தும்முவீக. இன்னைக்கே ஆரம்பிங்க, இன்னும் நாளு கெடக்கு."
அட கடவுளே! நல்லவேளை, கேட்டாளே.

ஆகஸ்ட் 6
தினமும் அடிக்கிறேன். தும்மல் குறைந்தபாடில்லை. ஏமாத்திட்டாளோ? போன் போட்டேன். "விட்டுறாதீக" என்கிறாள்.

ஆகஸ்ட் 17
விடிந்ததும் மருமகள் வந்து எட்டிப் பார்த்தாள். "சத்தத்தையே காணோமே அத்தே, பயந்துட்டேன்."

ஆகஸ்ட் 28
வேல்விழி கல்யாணம் முடிந்தது. மணவறையில் சாம்பிராணிப் புகை. மூக்கு லேசாக அரித்தது — அம்புட்டுத்தான்.
போட்டோ எடுக்கும்போது, "பாட்டி, முந்தானைய இறக்குங்க" என்றார் போட்டோக்காரர். பழகிப்போன கை, தானாக மூக்குக்குப் போயிருக்கிறது! இறக்கினேன்.
விஷால் மாமியார் பக்கத்தில் வந்து, "இன்னைக்குத்தேன் உங்க பல்லப் பாக்குறேன்" என்றாள். இருவரும் சிரித்தோம்.

செப்டம்பர் 3
போனில் படம் காட்டுகிறார்கள். விரல் பட்டால் ஓடிப்போகிறது. விஷாலிடம் கண்டிப்பாகச் சொல்லணும்: ஏலே, அந்தப் புதுப் போட்டோவப் பெருசாப் போட்டுத் தபாலில் அனுப்பு. சுவரில் மாட்டியிருந்த உன் கல்யாணப் போட்டோவைக் கழற்றிவிட்டேன், ஆணி சும்மா நிற்கிறது. இவாஞ்சலினுக்கும் ஒண்ணு சேத்து அனுப்பு.