மறைத்து வைத்த ஐந்து செக்கன்

செவ்வாய், 9

சோளகக் காற்று. கடைப் பலகை ஆடுகிறது, ஆணி அடிக்கவேண்டும்.

காலையில் இறுப்பிட்டி ஊர்ச் சாந்தி அக்கா வந்தா. நாலு வருடத்துக்கு முன் நான் எடுத்த அவவுடைய கலியாண வீடியோ. கமரா காட் எப்போதோ செத்துவிட்டது. வெளிநாட்டுச் சொந்தங்களுக்கு நேரலையாகப் போன பதிவுதான் மிச்சம். வெள்ளி அவவுடைய அப்பாவின் ஆண்டுத் திவசம். தம்பி ரூபன் கனடாவிலிருந்து வருகிறான். கலியாணத்தில் அப்பா பேசுகிற துண்டைப் போட்டுக் காட்டவேண்டுமாம்.

"அதுக்கு முன்னம் நடந்தது ஒண்டும் தெரியப்படாது. வடிவா வெட்டித் தாரும்."

நடந்தது எனக்கும் தெரியும். மாப்பிள்ளைத் தோழன் ரூபன். பிந்தி வந்தான் என்று மூத்த தமையன் கணேசண்ணை சபைக்கு முன்னால் அவன் தலைப்பாகையைக் கழற்றித் தான் போட்டுக்கொண்டார். அன்றோடு இருவருக்கும் பேச்சில்லை.

புதன், 10

வழக்கம்போல வெட்டி, கணினியில் படத்தைப் புதிதாக உருவாக்கிப் பார்த்தேன். அப்பாவின் நெற்றிச் சுருக்கமெல்லாம் மெழுகு பூசியதுபோல அழிந்துபோச்சு. நேரலைப் படம், ஏற்கனவே மங்கல். உருவாக்காமல், உள்ளதை உள்ளபடி பிரதி எடுத்து வெட்டவேண்டும்.

அப்படி வெட்டினால் நினைத்த இடத்தில் வெட்டுப்படாது. ஏன்? சோற்றை மறந்து தேடி வாசித்தேன். வீடியோவில் எல்லாமே முழுப்படம் இல்லையாம்! இந்தக் கோப்பில் எட்டுச் செக்கனுக்கு ஒன்றுதான் முழுசு. இடையில் உள்ளவை, முந்தியதிலிருந்து என்ன மாறியது என்ற குறிப்பு மட்டும். முழுப்படத்தில்தான் கத்தி வைக்கலாம். பத்து வருடமாக இதே தொழில், இது தெரியாது. வெட்கம்தான், ஆனால் என்ன வடிவான யோசனை!

முழுப்படம் விழுகிற இடம்: தலைப்பாகையைக் கழற்றுகிற நேரம். ஐந்து செக்கன் கழித்துத்தான் அப்பா வாய் திறக்கிறார். அடுத்த முழுப்படத்துக்குப் போனால் அவருடைய முதல் சொற்கள் போய்விடும்.

வியாழன், 11

வாங்க: ஆணி, பென்டிரைவ், பனங்கட்டி.

வழி கிடைத்தது. அந்த ஐந்து செக்கனும் கோப்புக்குள் கிடக்கும். "இங்கிருந்து காட்டு" என்று ஒரு குறிப்பு மட்டும் சேரும். கணினியில் சுத்தம். ஃபோனில் சுத்தம். அப்பா முகம் அப்படியே. சந்தோசத்தில் இரண்டாவது தேத்தண்ணி.

ஆணி மறந்துபோச்சு.

வெள்ளி, 12

காற்றுக் குறைவு. இறுப்பிட்டியில் அக்கா வீடு. படையல், சாப்பாடு. கணேசண்ணை வாசல் கதிரையில், ரூபன் மற்றச் சுவரோடு. பென்டிரைவை டிவியில் செருகினேன்.

டிவி அந்தக் குறிப்பை வாசிக்கவில்லை.

பெரிய திரையில் தலைப்பாகை கழன்றது. ஐந்து செக்கனும் முழுசாக. அக்கா என்னைப் பார்த்தா. டிவியில் போட்டுப் பார்க்காத மொக்கன் நான். பிறகு அப்பாவின் குரல்:

"டேய், ரெண்டு பேரும் சிரியுங்கோ. வெளிநாட்டுச் சனமெல்லாம் பாக்குது."

படத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. இங்கே ரூபனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அண்ணை, அந்தத் தலைப்பா எங்க?"

"அலுமாரிக்குள்ள. அண்டு வச்சது, அப்பிடியே கிடக்கு."

"எடுங்கோ பாப்பம்."

கணேசண்ணை எழும்பிப் போய் எடுத்து வந்தார். தூசியைத் தட்டினார். தம்பியின் தலையில் வைத்துவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் பக்கத்திலேயே நின்றார்.

வெட்டச் சொன்ன அக்கா அழுதழுது ஃபோனில் வீடியோ எடுத்தா.