மூன்றாம் பகுதியில் இருந்த குளம்

அக்டோபர் 3, 2003
நாட்குறிப்பு எழுதும் அளவுக்கு நான் பெரிய ஆள் இல்லை, மன்னிக்கவும். சொல்ல வேண்டிய இடத்தில் வாய் வராது. அதனால்தான் இது.

மினேகாவா வட்டத்துக்கு முப்பது வயது. நான் வேலை பார்க்கும் வட்ட அலுவலகம் போடும் விழா மலரில் புவியியலும் வரலாறும் என் பொறுப்பு. இப்போது வீடுகளாக இருக்கும் மூன்றாம் பகுதி முன்பு எப்படி இருந்தது என்று அப்பாவிடம் கேட்டேன். "மூணாம் பகுதியா? அது குளம்மா. அறுபத்தாறாம் வருஷ மழையில சுத்தியிருந்த வீட்டுக்கெல்லாம் கூரை விளிம்பு வரைக்கும் தண்ணி. அப்புறம் மேட்டை வெட்டி நாங்கதான் மூடுனோம். என் லாரி மட்டும் நாளைக்கு இருபது நடை." பழைய வரைபடத்திலும் குளம் இருக்கிறது. குளத்தையும் வெள்ளத்தையும் ஒரே வரியாக எழுதிவிட்டேன்.

அக்டோபர் 9
பிரிவுத் தலைவர் குவபாரா அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்துவிட்டார். "விழா மலர்ல போய் வெள்ளமா? வீடு வாங்குனவங்க மனசு நோகாதா? உங்க அப்பா மண் லாரி ஓட்டுனவராமே. அவர் சொல்றதெல்லாம் வரலாறா, நோசுவே?" எல்லாரும் சிரித்தார்கள். நான் குனிந்து மன்னிப்புக் கேட்டேன்.

அக்டோபர் 10
எதுக்கு மன்னிப்புக் கேட்டேன்? எதுக்கு?

அக்டோபர் 15
வசந்தத்தில் அதே இடத்தில் குழந்தைகள் காப்பகம் திறக்கிறது. தூங்கும் அறை தரைத்தளத்தில். மலரில் அதன் படம் உண்டு. அடியில் தலைவர் எழுதியிருக்கிறார், 'பசுமையான மேட்டுப்பகுதி' என்று. மேடாம். மேட்டை வெட்டிப் பள்ளத்துல கொட்டுன மனுஷன் எங்க வீட்ல மிசோ சூப் குடிச்சிட்டு உட்கார்ந்திருக்கார். ஆபீஸ்ல அவர்கிட்ட யாரு கேட்டா?

அக்டோபர் 16
அச்சுப்படி ஒப்புதலுக்காகச் சுற்றுக்கு வந்தது. கீழிருந்து மேலாக எல்லாரும் பெயர் முத்திரை குத்த வேண்டும். முதல் கட்டம் எனது. தலைவரின் கட்டத்தை வணங்குவதுபோல முத்திரையைச் சாய்த்துக் குத்துவதுதான் மரியாதை. வேலையில் சேர்ந்த அன்றே, எனக்கு மூத்தவரான இனாமோரி அக்கா கற்றுக்கொடுத்தது: "நல்லாச் சாயும்மா, சம்பளம் நேரா வரும்."

இன்று நேராகக் குத்தினேன். அடுத்த கட்டம் அக்காவுடையது. என் முத்திரையையே பார்த்தார். "என்னடி, கழுத்துப் பிடிச்சுக்கிச்சா?" பழைய வரைபடத்தின் நகலை அச்சுப்படிக்குள் வைத்து நீட்டினேன்.

அக்டோபர் 21
தலைவர் கூப்பிட்டார். மேசையில் அச்சுப்படி; பக்கத்தில் வரைபட நகல் விரித்துக் கிடந்தது. என் முத்திரையை அடுத்து இனாமோரி அக்காவுடையது. இருபது வருஷம் சாய்ந்தே விழுந்த முத்திரை, நேராக நின்றது. தலைவரின் கட்டம் இன்னும் காலி.

"உனக்கு என்னதான் வேணும்?" என்றார். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

குனியாமல் சொன்னேன்: "அந்த ஒரு வரியைத் திரும்பப் போட்டுடுங்க, ஐயா."