எக்கிட்னாக் குட்டியும் சுடுதண்ணிப் போத்தலும்

என் அம்மா,

உங்களுக்குக் கடிதம் எழுதுவதற்கே முதலில் மன்னியுங்கள். பக்கத்து அறையில் நீங்கள் இருந்த காலமெல்லாம் வாய் திறக்காதவள் இப்போது எழுதுகிறேன். நீங்கள் கண்மூடிய முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் அச்சிடுகிறோம். "யூனிவர்சிட்டி வரைக்கும் படிச்சனிதானே, அம்மாவைப் பற்றி நீயே எழுது" என்று உங்கள் தங்கை, என் அன்ரி, சொல்லிவிட்டார். நல்ல தாய், கடின உழைப்பாளி என்று எழுதிப் பார்த்தேன். எல்லாம் உண்மை. ஆனால் அதோடு நிறுத்த முடியவில்லை.

போன வருடம் செப்டெம்பரில் நம் வெரிபீ வீட்டுக்கு நான் கொண்டுவந்த குட்டி நினைவிருக்கிறதா? வீதியில் கார் அடித்து இறந்த எக்கிட்னாவின் வயிற்றுப் பையிலிருந்து எடுத்தது. வளர்ந்தால் உடம்பெல்லாம் முள்ளும் நீண்ட மூக்குமாக எறும்பு தின்று திரியும். தாயிழந்த காட்டு விலங்குகளை வீட்டில் வளர்க்க அனுமதி கிடைத்தபின் எனக்கு வந்த முதல் குட்டி அது. பெட்டியைத் திறந்ததும் நீங்கள் எட்டிப் பார்த்தீர்கள்.

"இதென்னடி, தோலுரிச்ச கிழங்கு மாதிரிக் கிடக்கு. முள் எங்க?"

"அது பிறகுதான் முளைக்கும், அம்மா."

"உன்னைப் போல எண்டு சொல்லு. நீயும் பிறக்கேக்க வழுவழுவெண்டுதான் இருந்தனி."

வந்திருந்த அன்ரி கதிரையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன்.

எக்கிட்னாத் தாய்க்கு முலைக்காம்பு கிடையாது. தோலில் கசியும் பாலைக் குட்டி நக்கிக் குடிக்கும். ஆகவே உள்ளங்கையில் பால் விட்டு, அது தானாக நக்கும்வரை நாங்கள் காத்திருக்க வேண்டும். வயிறு நிறைந்தால் இரண்டு மூன்று நாளைக்குத் தொடவே கூடாது. காட்டில், முள் முளைக்கத் தொடங்கிய குட்டியை வளைக்குள் விட்டுவிட்டுத் தாய் போய்விடும். ஐந்து நாள் அளவில்தான் திரும்பி வரும். வந்து பால் கொடுத்துவிட்டு மறுபடி போகும்.

பயிற்சியில் இதைச் சொன்னபோது எல்லோரும் குறிப்பெடுத்தார்கள். நான் எழுதவில்லை. அப்பா இறந்தபின், மூன்று மணி நேரம் தள்ளியிருந்த முதியோர் இல்லத்துக் குசினியில் நீங்கள் தங்கிச் சமையல் வேலை செய்தீர்கள். ஞாயிறு போனால் வெள்ளிதான் வருவீர்கள். அன்ரி வீட்டில் இருந்த நான், கார்ச் சத்தம் கேட்டதும் ஓடிப்போய் அறைக்குள் இருந்துகொள்வேன். நீங்கள் கதவுக்கு வெளியே நின்று, சாப்பிட்டாயா என்று கேட்பீர்கள்.

அந்தக் குட்டியைக் காக்க வைக்க எனக்கு மனம் வரவில்லை, அம்மா. அடுத்த நாளே மறுபடி பால் கரைத்தேன். அது நக்காமல் கிடந்தபோது, வேலைக்குப் போகும் அவசரத்தில், சொட்டுக் குழாயால் வாய்க்குள் விட்டேன். நாலு நாள் இப்படிச் செய்தேன். செய்யக்கூடாதது என்று எனக்குத் தெரியும்.

வாரக் கடைசியில் நான் வேலை முடிந்து வந்து பார்த்தபோது பெட்டிக்குள் உங்கள் சுடுதண்ணிப் போத்தல் கம்பளி சுற்றியபடி இருந்தது. பக்கத்தில் குட்டி செத்துக் கிடந்தது.

"விறைச்சுப்போய்க் கிடந்தது பிள்ளை. சூடு பிடிக்கட்டும் எண்டு வச்சனான்."

எக்கிட்னாக் குட்டிக்குச் சூடு ஆகாது. அதை நான் உங்களுக்குச் சொல்லி வைத்திருக்கவும் இல்லை. ஆனாலும் அன்ரிக்கு முன்னால் கத்தினேன். "என்னை விட்டிட்டுப் போனனீங்கள். இதையாவது சும்மா விட்டிருக்கலாம்தானே? தாய் வேலை உங்களுக்குத் தெரியாது."

நீங்கள் போத்தலை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனீர்கள். போத்தல் வெறுமையான பிறகும் குழாய் ஓடிக்கொண்டே இருந்தது.

திங்கட்கிழமை விலங்கு வைத்தியர் தொலைபேசியில் அழைத்தார். நான் கொண்டுபோய்க் கொடுத்த குட்டியை வெட்டிப் பார்த்திருக்கிறார். நுரையீரல் முழுக்கப் பால். நான் வாய்க்குள் விட்ட பால். சூட்டால் சாகவில்லை, இரண்டு மூன்று நாளாகவே செத்துக்கொண்டிருந்தது என்றார். "ஆரது?" என்று நீங்கள் கேட்டீர்கள். "வேலை இடத்தில இருந்து" என்றேன்.

உண்மையைச் சொல்லப் பிறகும் ஒரு வருடம் இருந்தது. ஒருநாள் கேரம் டவுன்ஸ் கோயிலுக்குப் போகும் வழியில் சொல்ல வாயெடுத்தேன். "லைட் பச்சையாச்சு, எடு" என்றீர்கள். எடுத்தேன். அதன்பின் என் அறை வாசலில் நின்று, "உள்ளுக்கு வரலாமோ?" என்று கேட்கப் பழகிவிட்டீர்கள். எப்போது பழகினீர்கள்?

ஆஸ்பத்திரியில் உங்களுக்கு ஊசி போட வந்த தாதி, மகள் என்ன செய்கிறாள் என்று கேட்டாள். நீங்கள் தமிழில் சொன்னீர்கள்: "தாயில்லாத குட்டியளைப் பாக்கிறவள். என்ர பிழையாலதான் ஒண்டு செத்தது." நான் ஆங்கிலத்தில் முதல் வசனத்தை மட்டும் சொன்னேன். தாதி உங்கள் கையைத் தட்டிச் சிரித்தாள். நீங்களும் சிரித்தீர்கள், முழுவதையும் சொல்லிவிட்டேன் என்று நினைத்து.

இப்போது இன்னொரு குட்டி வந்திருக்கிறது. பெட்டி உங்கள் அறையில் இருக்கிறது, வீட்டிலேயே குளிரான அறை அதுதான். நீங்கள் இருந்தபோது இது எனக்குத் தெரியாது. பால் கொடுத்துவிட்டு மூடிவிடுகிறேன். திறந்து பார்க்காமல் இருக்கும் நாட்கள்தான் கஷ்டம். அந்த ஐந்து நாட்களும் நீங்கள் எப்படி இருந்தீர்கள், அம்மா?

அன்று அன்ரிக்கு முன்னால் சொன்னதால் இதையும் எல்லோருக்கும் முன்னால்தான் சொல்ல வேண்டும். முப்பத்தோராம் நாளில் எழுந்து நின்று நானே வாசிப்பேன். ஒரு வசனத்தையும் விடமாட்டேன். இது சத்தியம்.

ஒன்று கேட்கட்டுமா? மன்னிப்புக் கேட்டால் உடனே தந்துவிடுவீர்கள். அது வேண்டாம். ஒரே ஒருமுறை, எல்லோருக்கும் கேட்க, என்னை ஏசுங்கோ அம்மா.

உங்கள் ஒரே மகள்