என் அறையில் யோனா

அன்புள்ள (இப்படித்தான் தொடங்க வேண்டுமாம்) அக்காவுக்கு,

ரொறன்ரோவைப் பிறப்பிடமாகவும் ஆமிஷ் பண்ணையைத் தற்காலிக வதிவிடமாகவும் கொண்ட எனது நீலத் தொப்பி, இன்று காலை பசுமாட்டின் வாயில் சிவபதம் அடைந்தது. இவ்வறிவித்தலை உற்றார் உறவினர் ஏற்றுக்கொள்ளவும்.

மற்றபடி நான் இங்கே ராசா. அப்பா, மின்சாரமே வேண்டாமென்று வாழும் இந்த ஆமிஷ் சனத்திடம் சாப்பாட்டு மேசை வாங்க வந்து, ஒரு மாதத்துக்குப் பிள்ளைகளையும் மாற்றிக்கொண்டது எவ்வளவு நல்லது! வைஃபை இல்லை, வைக்கோல்தான். ஃபோனைத் தேடவே இல்லை. தினமும் நான்கு மாடு கறக்கிறேன். நீங்கள் கெஞ்சினாலும் திரும்பி வரமாட்டேன்.

உன் கடிதம் கிடைத்தது. என் அறையில் இருக்கும் இந்த வீட்டுப் பையன் யோனா நல்ல பிள்ளையாம், கோப்பை கழுவுகிறானாம். கழுவட்டும். ஆனால் அம்மாவின் உப்புப் போத்தலில் சீனி நிரப்பும் எங்கள் பகிடியை அவனுக்கு ஏன் சொல்லிக் கொடுத்தாய்? உன்னை "அக்கா" என்று கூப்பிடவும் பழக்கினாயாமே. அவனுக்கு இங்கே ஏழு அக்காமார் இருக்கிறார்கள். எனக்கு ஒன்றுதான்.

செவ்வாய்க்கிழமை வீட்டு ஃபோனுக்கு ஒருவரும் பேசாத அழைப்பு வந்ததே, அது நான்தான். பண்ணைப் பாதையின் முடிவில் இருக்கும் ஃபோன் கொட்டில்வரை நடந்துபோய் அழைத்தேன். யோனா, "ஓம், சொல்லுங்கோ" என்றான். பின்னால் நீ சிரித்துக்கொண்டே, "ஆரடா தம்பி?" என்று கேட்டாய்.

வைத்துவிட்டேன்.

ஒரு மாடுகூட எனக்கு இதுவரை பால் தரவில்லை. சனிக்கிழமை வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போ, அக்கா.

உன் பழைய தம்பி