தண்டச்செல்

என்னைத் திட்டிக்கொண்டே சோறு போட்ட என் அக்காவுக்கு,

நீ போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. ராஜபாளையத்தில் வெயில் அப்படியேதான் இருக்கிறது. நானும் அப்படியே. பேண்டேஜ் துணி நெய்கிற தறிக்குப் போகிறேன், வருகிறேன், தொப்பை மட்டும் முன்னேறுகிறது. ஊருக்கெல்லாம் கட்டுத்துணி நெய்கிறவன் வீட்டிலேயே ஒரு கால் கட்டோடு கிடக்கும் என்று நினைத்தாயா?

என் மகள் கோதைக்குத்தான். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருக்கிறாள் அல்லவா, வேலை முடிந்து வரும்போது ஸ்கூட்டர் சறுக்கி, முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்துவிட்டது. உள்ளே கம்பி வைத்தார்கள். மாதங்கள் போயின, எலும்பு மட்டும் சேரவில்லை. விசில் ஊதுகிறவள் வாக்கரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மதுரை டாக்டரம்மா ஒரு வழி சொன்னார். இடுப்பெலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையை ஊசியால் உறிஞ்சி, முறிந்த இடத்தில் செலுத்துவார்களாம். அதில் ஸ்டெம் செல் இருக்கிறதாம். மீசையில் ஆரம்பிக்கிற ஒரு பட்டப்பெயர் வேறு அதற்கு உண்டு, மீசன்கைமல். எழுதத்தான் வருகிறது, வாயில் நுழையவில்லை. ஸ்டெம் என்றால் தண்டு என்று கோதை சொன்னாள். நான் சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டு, "பிள்ளைக்குத் தண்டச்செல் ஊசி போடப்போறோம்" என்று சொல்லிவிட்டேன்.

தண்டச்சோறு என்று நீ கூப்பிட்டுக் கூப்பிட்டு, எனக்குத் தண்டு என்றாலே அப்படித்தான் வருகிறது!

கோதை சிரித்த சிரிப்பில் வாக்கர் ஆடியது. "பேரு சரிதாம்ப்பா. அதுவும் உங்கள மாதிரி, இன்ன வேலைன்னு இல்லாம மஜ்ஜைக்குள்ள உக்காந்திருக்கும். தேவைப்பட்டா எலும்பாவும் ஆகும், குருத்தெலும்பாவும் ஆகும், கொழுப்பாவும் ஆகும். பக்கத்துச் செல்லுக்கெல்லாம் சேதி அனுப்பி வேலையும் வாங்கும்."

"அப்போ எனக்குள்ள இருக்கது அம்புட்டும் கொழுப்பாத்தான் ஆயிருக்கும்" என்றேன்.

"அதுல என்ன சந்தேகம்?" என்றாள்.

ஆனாலும் டாக்டரம்மாவிடம் கேட்டுப் பார்த்தேன். "என் இடுப்புல எடுத்துக்கோங்கம்மா. சும்மாதான் கிடக்கு."

அவர் சிரிக்கவில்லை. "அவங்களோடதே போதும்ங்க. ஆனா சேரும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். சில பேருக்குச் சேருது, சில பேருக்கு மறுபடி ஆபரேஷன் வேண்டியிருக்கு. தேஞ்ச மூட்டு ஒரே ஊசியில புதுசாகும்னு எவனாவது நோட்டீஸ் குடுத்தா, அங்க போயிராதீங்க. அது இன்னும் ஆராய்ச்சியிலதான் இருக்கு."

சத்தியம் பண்ணாத அந்த வாயைத்தான் நான் நம்பினேன்.

சொந்தம் விடுமா? உன் வீட்டுக்காரர், எங்கள் அத்தான், நேரிலேயே வந்துவிட்டார். "ஏலே, உங்க அக்காவுக்கே கால் சேரல. தலையில எழுதினது அம்புட்டுதான். வேலைய விடச் சொல்லி வீட்ல உக்கார வையி. பிள்ளையப் போட்டுக் குத்தாத."

அவருக்கு முன்னால் நான் என்றைக்கு நிமிர்ந்து பேசியிருக்கிறேன்? அன்றைக்குப் பேசினேன். "அத்தான், அக்காவுக்குச் சேரலன்னு எப்படித் தெரியும்? கட்டு அவுத்த பொறவு ஒரு தடவையாவது எக்ஸ்ரே படம் எடுத்துப் பாத்தியளா?"

அத்தான் துண்டை உதறித் தோளில் போட்டார். "அப்போ யாருலே படமெல்லாம் எடுத்தா..." என்று முனகினார்.

வழுக்கி விழுந்து முறிந்த காலை இழுத்துக்கொண்டே நீ காலமெல்லாம் சமைத்தாய். இந்தக் கால் அவ்வளவுதான் என்று உன்னிடம் சொன்னது யார், அக்கா? டாக்டரா, எக்ஸ்ரேயா? நம் வீடுதானே சொன்னது?

கோதைக்கு ஊசி போட்டாயிற்று. போன வாரம் படம் எடுத்தார்கள். முறிவின் ஓரத்தில் லேசாக ஒரு வெளுப்பு, மேகம் மாதிரி. "எலும்பு சேர ஆரம்பிக்கிற மாதிரி தெரியுது. இன்னும் பொறுக்கணும்" என்றார் டாக்டரம்மா. கோதை பொறுக்கிற ஆளா? ஆபீஸ் வேலை தருகிறோம் என்ற பள்ளிக்கூடத்திடம், "மைதானத்துல ஒரு நாற்காலி போடுங்க, உக்காந்தே விசில் ஊதுதேன்" என்று சொல்லிவிட்டாள்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இந்தக் கால் சேராது என்று நாளைக்கு டாக்டரம்மா சொல்லலாம், படம் சொல்லலாம். அப்போதும் அடுத்து என்ன என்று கேட்டுக்கொண்டு நான் அங்கேயே நிற்பேன். ஆனால் சேராது என்று சொல்கிற உரிமையை நம் சொந்தத்தில் ஒருத்தருக்கும் தரமாட்டேன். அது அத்தானாகவே இருந்தாலும்.

இப்படிக்கு,
உடம்பில் வாய் மட்டும் ஒழுங்காக வேலை செய்கிற
உன் தம்பி